நோன்புப் பகலில் ‘சாப்டியாடி’ என்று கேட்டவர்

நோன்பு மாதத்தில், பட்டப்பகலில், நடுத்தெருவில் ஒரு முஸ்லிம் பெண்பிள்ளையை நிறுத்தி “சாப்டியாடி?” என்று கேட்கக்கூடிய ஆள் எங்கள் போடியில் ஒருவர்தான் இருந்தார். நாங்கள் அவரை மாமி என்றோம். உறவுமுறை எதுவும் கிடையாது. தெருவில் பாதிப் பேருக்கு அவர் மாமி, மலைக்கு ஏறும் வேலையாட்களுக்குப் பாயம்மா. அவருடைய பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எங்கள் பெயர்களைச் சொல்ல மாட்டேன் என்று நின்றதற்காகக் கடையை இழந்தவர் அவர். அவர் பெயரை மட்டும் நான் எதற்கு ஊருக்குக் கொடுக்க வேண்டும்?

அந்தக் கேள்வியை அவர் காதோடு காதாகக் கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. மாமிக்குக் காதோடு பேசத் தெரியாது. கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு, கடை வாசலில் நின்று, ஜீப்பு டிரைவர்களும் ஏலக்காய் பொறுக்கப் போகும் பெண்களும் பள்ளிவாசலுக்குப் போகிறவர்களும் கேட்கும்படி கேட்பார். கேள்வி விழுந்ததும் பிள்ளைகள் தலையைக் குனிந்துகொண்டு ஓடுவார்கள். ஓடாமல் நிற்கிறவள் யாரோ அவளுக்குப் பசி என்று மாமி கணக்கு வைத்திருந்தார்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பெண்களுக்கு மாதத்தில் சில நாள் நோன்பு கிடையாது, தொழுகையும் கிடையாது. மார்க்கமே கொடுத்திருக்கிற விடுப்பு அது. விட்டுப்போன நோன்பைப் பிறகு வசதிப்பட்ட நாளில் வைத்துக்கொள்ளலாம். கல்யாணமாகிப் பிள்ளை குட்டி பெற்ற எந்த ஆம்பளைக்கும் இது தெரியாமல் இருக்க வழியில்லை. ஆனாலும் எங்கள் வீடுகளில் அது, அத்தா என்று நாங்கள் கூப்பிடும் அப்பாவுக்கும் அண்ணன் தம்பிகளுக்கும் தெரியக் கூடாத சங்கதி. அதனால் நோன்பு இல்லாதவளும் விடியுமுன் சஹர் சாப்பாட்டுக்கு எழுந்து, தூங்கி வழிந்துகொண்டு எல்லோரோடும் சாப்பிட வேண்டும். பகல் முழுக்கப் பச்சைத் தண்ணீர் படாத வாயோடு நடமாட வேண்டும். குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு குழாயில் வாய் வைத்துக் குடித்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டால் எங்கள் தெருவே கை தூக்கும். சாயங்காலம் பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு, பாங்குச் சத்தத்துக்குக் காத்திருப்பதுபோல் நடிக்கவும் வேண்டும். நோன்பு வைத்த நன்மையும் இல்லை, வயிற்றுக்குச் சோறும் இல்லை. இதற்கு என் அம்மா வைத்த பெயர் மரியாதை.

மரியாதையாம். இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

நான் மாமியிடம் மாட்டியது பத்தாம் வகுப்பு ஆரம்பத்தில். அந்த வருஷங்களில் நோன்பு ஆடிக்காற்றோடு சேர்ந்து வந்துகொண்டிருந்தது. மலையிலிருந்து இறங்கும் காற்று பள்ளிக்கூடப் பையையும் ஆளையும் சேர்த்துத் தள்ளும். எனக்கு அது இரண்டாம் நாள். இடுப்பு கழன்று விழுவதுபோல் வலி, காலையிலிருந்து ஒன்றும் உள்ளே போகவில்லை. பள்ளிவாசல் கடை வரிசையின் முனையில் கரண்டுக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“ஏய், யாருடி அது கம்பத்தக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு? இங்க வா. சாப்டியாடி?”

“நோன்பு மாமி.”

“நோன்பாளி மூஞ்சி எனக்குத் தெரியாதா? தொழுகை இருக்கா, இல்லையா?”

பக்கத்தில் சிலமலைக்கார ஜீப்பு டிரைவர் ஒருவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். எனக்கு அப்படியே மண்ணுக்குள் போய்விடலாம் போல் இருந்தது. டிரைவர் என்ன நினைத்தாரோ, டம்ளரோடு எழுந்து ஜீப்புப் பக்கம் போய் டயரைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

“இல்ல மாமி” என்றேன்.

“அப்புறம் எவனுக்குடி பயந்து பட்டினி கெடக்குற? அல்லா திங்கச் சொல்லியிருக்கான். நீ வேணாங்கிற. அவனவிடப் பெரிய ஆளா நீ? உள்ள போ.”

மாமியின் கடை பெயர்ப் பலகை இல்லாத சின்ன மெஸ். விடியுமுன் சிலமலையிலிருந்தும் மற்ற ஊர்களிலிருந்தும் பஸ்சில் வந்து இறங்கி, ஜீப்பு பிடித்து ஏலத்தோட்டத்துக்கு ஏறுகிறவர்களுக்கு இட்லியும் பொட்டலச் சோறும் அங்கேதான். நோன்பு மாதத்திலும் அவர் கடையைப் பூட்டியதில்லை. மலையில் காய் எடுப்பு நடக்கிறது, நமக்கு நோன்பு என்றால் அவர்களும் பட்டினி கிடக்க வேண்டுமா என்று கேட்பார். ஊர் வழக்கப்படி வாசலில் ஒரு திரை மட்டும் தொங்கும். நோன்பாளியின் கண்ணில் சோறு படக் கூடாது என்பதற்காகப் போடும் திரை. மாமி கடையில் அது பச்சை நிறப் பழைய படுக்கை விரிப்பு.

அடுப்பு வாசலோரம், திரைக்கு வெளியே. திரையை ஒட்டி உள்ளே, அரிசி மூட்டைகளுக்கு நடுவில் ஒரு பெஞ்சு இருந்தது. அதில் என் வகுப்புத் தோழி ஒருத்தி உட்கார்ந்து, குழம்பில் பிசைந்த சோற்றை வாய் நிறைய வைத்திருந்தாள். முப்பது நோன்பும் விடாமல் வைக்கிறவள் என்று என் அம்மா எனக்கு உதாரணம் காட்டும் பிள்ளை அவள். அவள் என்னைப் பார்த்து முழித்தாள், நான் அவளைப் பார்த்து முழித்தேன். பிறகு இரண்டு பேருக்கும் அடக்க முடியாத சிரிப்பு வந்தது.

“சத்தம் வந்துச்சு, தட்டப் புடுங்கிருவேன்” என்றது மாமியின் குரல்.

தட்டில் சோறு, கத்திரிக்காய்க் குழம்பு, ஓர் அவித்த முட்டை. முட்டை எல்லோருக்கும் கிடையாது. திரைக்குப் பின்னால் வருகிற பிள்ளைகளுக்கு மட்டும். ரத்தம் போகுதுல்ல, தின்னு என்பார். அதற்கு மேல் ஆறுதலாக ஒரு வார்த்தை வராது. சாப்பிட்டு முடித்துக் கைகழுவிக் கிளம்பினால் மட்டும் இன்னொரு அதட்டல் வரும்.

“சும்மா ஓடுற பாத்தியா? உக்காரு. ரெண்டு நிமிசம் அல்லாவ நெனச்சு ஏதாச்சும் கேட்டுட்டுப் போ. தொழுகை இல்லேன்னா அவனும் இல்லேன்னு எவன்டி சொன்னான் ஒனக்கு?”

அரிசி மூட்டையில் சாய்ந்துகொண்டு நான் கேட்ட துஆக்கள்தான் என் வாழ்க்கையிலேயே மனமாரக் கேட்டவை. வீட்டில் தொழுகைப் பாயில் உட்கார்ந்தபோதெல்லாம் பக்கத்தில் இருப்பவர்கள் பார்க்கிறார்களா என்றுதான் யோசித்திருக்கிறேன்.

மாமி மட்டும் நோன்பு. அந்த வெக்கையில் அடுப்பில் நின்று, ஊருக்கெல்லாம் ஆக்கிப் போட்டுக்கொண்டு, அந்தி மஃரிப் பாங்குவரை ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்க மாட்டார். குழம்பை ருசி பார்க்கவும் முடியாது. அதற்குத்தான் அந்தச் சிலமலை டிரைவர்.

“உப்புப் பாத்துச் சொல்லு.”

“கொஞ்சம் தூக்கல், பாயம்மா.”

“தூக்கலா? அப்ப ரெண்டு வாய்ச் சோறு சேத்துத் தின்னு.”

ஆம்பளைப் பிள்ளைகளையும் அவர் விட்டதில்லை. நோன்பு வைத்துவிட்டு மதியம்வரை தூங்குவது, எழுந்தால் பள்ளிவாசல் வராந்தாவில் கால் நீட்டிப் படுத்துக் கிரிக்கெட் பேசுவது, சாயங்கால அசர் தொழுகை முடிந்ததும் கஞ்சிக்கு முதல் ஆளாக நிற்பது என்று இருந்தவர்களை வாளியோடு துரத்துவார். “நோன்பு வச்சா செத்த பொணமாடா? எந்திரி. காய் பொறுக்குற பொம்பளைகளுக்குக் கஞ்சி கொண்டு போ. உங்காத்தா அடுப்புல நிக்கிறா, போயி வெங்காயம் உரிச்சுக் குடு.” பையன்கள் முனகிக்கொண்டே தூக்குவாளியோடு ஏலக்காய்க் கோடவுன்களுக்குப் போவார்கள். அவர்கள் வீட்டில் வெங்காயம் உரித்தார்களா என்று எனக்குத் தெரியாது. என் அண்ணன் உரிக்கவில்லை.

அந்த வருஷம் பள்ளிவாசல் கமிட்டிக்காரர்களுக்குப் பிள்ளைகளைத் திருத்தும் ஆசை வந்தது. பதின்ம வயதினர் ரமலானை வீணாக்குகிறார்களாம். வெளியூரிலிருந்து ஒரு பேச்சாளரை வரவழைத்து, மதரசாக் கூடத்தில் ஒரு ஞாயிறு முழுக்க முகாம் போட்டார்கள். பையன்கள் முன்னால், மின்விசிறிக்குக் கீழே. நாங்கள் பின்னால், துணித் திரைக்கு இந்தப் பக்கம், ஒலிபெருக்கியைப் பார்த்துக்கொண்டு. பேச்சாளர் மோசமான ஆள் இல்லை. நேரத்தை எப்படிப் பிரிப்பது, போனை எப்படித் தள்ளி வைப்பது, குர்ஆனைப் பொருள் புரிந்து எப்படி ஓதுவது என்று நன்றாகத்தான் சொன்னார். கடைசியில் பரிசை அறிவித்தார். ஒரு நோன்புகூட விடாமல் முப்பதும் வைக்கிறவர்களில் பையன்களுக்குக் குலுக்கல் முறையில் சைக்கிள். பெண்பிள்ளைகளுக்கு, வைத்த அத்தனை பேருக்கும், ஆளுக்கொரு ஹாட்பாக்ஸ்.

திரைக்கு இந்தப் பக்கம் இருந்த நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அந்தக் கூட்டத்தில் வயதுக்கு வராதவர்கள் மூன்றோ நாலோ பேர் இருந்திருப்பார்கள். மற்ற எவளாலும் முப்பது நோன்பு வைக்க முடியாது. வைத்தால் மார்க்கப்படி அது செல்லாது. திட்டம் போட்ட அத்தனை ஆண்களில் ஒருவருக்குக்கூட இது உறைக்கவில்லை. வீட்டில் நாங்கள் அவ்வளவு நன்றாக நடித்திருக்கிறோம். அல்லது அவர்கள் அவ்வளவு நன்றாகப் பார்க்காமல் இருந்திருக்கிறார்கள்.

முகாமில் வேலை பார்த்த, நோன்பில்லாத ஆட்களுக்கும் பந்தல் போட்டவர்களுக்கும் டீ கொண்டுவந்த மாமி, தூக்கை வாசலில் வைத்தார். இடுப்பில் கை வைத்துக்கொண்டு, பையன்கள் பக்கத்து வாசலிலேயே நின்று கேட்டார்.

“ஏந்தம்பி, பொட்டப்பிள்ளைக்கு முப்பது நோன்பு எப்படிப்பா வரும்?”

பேச்சாளர் மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார். பாவம், அவருக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். திருத்திக்கொள்ள வாய் திறந்தாரோ என்னவோ, கமிட்டித் தலைவர் முந்திக்கொண்டார்.

“டீயை வச்சாச்சுல்ல? கெளம்புங்கம்மா. ஆம்பளைக இருக்குற எடத்துல என்ன பேச்சு இது?”

“ஆம்பளைக இருக்குற எடத்துலதான அறிவிக்கிறீக? பரிசு குடுத்துப் பொய் சொல்லப் பழக்குறீகளே, அதுவும் ரமலான்ல. நாளைக்கு எவன்கிட்டப் பதில் சொல்வீக?”

அதற்குமேல் அவரைப் பேச விடவில்லை. அறிவிப்பையும் மாற்றவில்லை. மாற்றினால் அந்தம்மா சொல்லித்தான் மாற்றினோம் என்று ஆகிவிடுமே. அன்றைக்கே மாமியின் கடை அவர்கள் கண்ணில் முள்ளாகிவிட்டது. அந்த வரிசைக் கடைகள் எல்லாம் பள்ளிவாசலுக்குச் சொந்தம், வாடகைக்கு விட்டவை. அப்புறம் யாரோ பார்த்தார்கள், யாரோ சொன்னார்கள். மாமி நம் பிள்ளைகளைத் திரைக்குப் பின்னால் கூட்டிப் போய்ச் சோறு போட்டு நோன்பை முறிக்கிறார் என்று பேச்சு கிளம்பியது.

ஒரு சனிக்கிழமை மதியம், லுஹர் தொழுகை முடிந்த கையோடு, கமிட்டியிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். தலைவர் ஒருவர். முகாமுக்குப் பந்தல் செலவு ஏற்ற கடைக்காரர் ஒருவர். மூன்றாவது ஆள் என் அத்தா. ஏலக்காய்க் கமிஷன் கடையில் வேலை பார்த்த அத்தாவுக்கு அந்த வருஷம்தான் கமிட்டியில் இடம் கிடைத்திருந்தது.

அவர்கள் வந்தபோது நான் உள்ளே இருந்தேன். அந்த மாதம் எனக்குத் தேதி முன்பின்னாகி மறுபடியும் வந்திருந்தது. பக்கத்தில் அதே தோழி. முதல் கவளம் வாயில் இருக்கும்போது திரைக்கு வெளியே அத்தாவின் இருமல் கேட்டது. மென்றால் சத்தம் வரும், விழுங்கினால் தொண்டையில் நிற்கும். சோற்றை அப்படியே வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

“உள்ள யாரு இருக்கா?” என்றார் தலைவர்.

“சோத்துப் பானை இருக்கு.”

“நம்ம பிள்ளைகள உள்ள வச்சுச் சோறு போடுறீகன்னு பேச்சு வருது.”

“பசிச்சவுகளுக்குப் போடுறேன். அதான் என் சோலி.”

“நோன்புல என்னம்மா பசி?”

“அத உங்க வீட்டுல போயிக் கேளுங்க. எனக்கு அறுபதாகப் போகுது, எங்கிட்ட வந்து கேக்குறீக.”

பந்தல் செலவு ஏற்றவருக்குக் கோபம் வந்துவிட்டது. “திரையத் தூக்கிப் பாத்தாத் தெரிஞ்சுட்டுப் போகுது” என்று ஓர் அடி எடுத்து வைத்தார். விரிப்பின் கிழிசல் வழியாக நான் பார்த்துக்கொண்டிருந்தேன். மாமி கொதிக்கிற குழம்பிலிருந்து கரண்டியை எடுத்துக் குறுக்கே நீட்டினார்.

“தூக்கு. உள்ள பொம்பளப் பிள்ளைக இருந்தா, அன்னிய ஆம்பளை நீ எந்தச் சட்டத்துல பாப்ப? இல்லாட்டி, என்னத்தப் பாக்கத் தூக்குற?”

அவர் நின்றுவிட்டார். அப்போதுதான் நான் இன்னொன்றைப் பார்த்தேன். வாசலில் எங்கள் செருப்புகள் கிடந்தன. என்னுடையது நீலப் பட்டை வைத்தது. பள்ளிக்கூடம் திறக்கும்போது அத்தா கம்பம் டவுனில் வாங்கிக் கொடுத்தது. மாமி பேசிக்கொண்டே ஒரு காலால் அதை வாசல் பெஞ்சுக்கு அடியில் தள்ளினார். அத்தா ஓரமாக நின்று கடைக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சரி, பேச்சு வேணாம்” என்றார் தலைவர். “எந்தெந்தப் பிள்ளைகன்னு பேரச் சொல்லுங்க. அந்தந்த வீட்டுல சொல்லி நாங்க பாத்துக்கிறோம்.”

“பாத்துக்குவீக. அதுனாலதான் சொல்ல மாட்டேன்.”

“அப்பச் சரி. ஒண்ணு பேரச் சொல்லுங்க, இல்ல பெருநாளோட கடையக் காலி பண்ணுங்க. பள்ளிவாசல் எடத்துல இருந்துக்கிட்டு நோன்ப முறிக்கிற சோலி நடக்கக் கூடாது.”

நான் எழுந்திரிக்கப் பார்த்தேன். சத்தியமாக எழுந்தேன். மாமியின் இடது கை திரைக்குள் வந்து, தடவி, என் தலை மேல் பட்டதும் அப்படியே அழுத்தி உட்கார வைத்தது. அந்தக் கையில் மாவும் மிளகாய்ப்பொடியும் ஒட்டியிருந்தன.

“பெருநாள் வரைக்கும் எதுக்கு?” என்றார் மாமி. “மலைக்குப் போனவுக எறங்கி வந்து சாப்புடணும். இந்தப் பானை காலியாகட்டும், சாவி தர்றேன்.”

சொன்னபடியே செய்தார். சாயங்காலம் ஜீப்புகள் இறங்கின. எல்லோருக்கும் சோறு போட்டார். பானைகளைத் தேய்த்துக் கவிழ்த்தார். பாங்கு சொன்னதும் ஒரு பேரீச்சம்பழமும் தண்ணீரும். பிறகு பள்ளிவாசல் வாசலுக்குப் போய், கஞ்சி குடித்துக்கொண்டிருந்தவர்களுக்கு நடுவில், முதலில் கண்ணில் பட்ட கமிட்டிக்காரரின் கையில் சாவியைக் கொடுத்துவிட்டு வந்தார். அந்தக் கை என் அத்தாவின் கை. அவர் வாங்கிக்கொண்டார். வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அன்று அவர் யாரோடும் பேசவில்லை. மாமி மேல் கோபம் என்று நான் நினைத்தேன்.

சிலமலை டிரைவர்தான் மறுநாள் பாத்திரங்களை ஜீப்பில் ஏற்றினார். குரங்கணியில் அவர் மச்சானுக்கு ஒரு தகரக் கொட்டகை இருந்தது. “போடிக்காரனுக்குச் சோறு கசக்குது, நீங்க வாங்க பாயம்மா” என்று அவர் தெருவுக்குக் கேட்கும்படி சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. காலியான கடையில் ரீசார்ஜ் கடை வந்தது. ரமலானை வீணாக்காமல் இருக்கச் சொல்லி முகாம் நடத்தியவர்களின் அதே கடை வரிசையில், அடுத்த வருஷ நோன்பு முழுக்கப் பையன்கள் அதன் வாசலில் நின்று அடுத்தவன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதற்குத் திரை போட வேண்டும் என்று எவருக்கும் தோன்றவில்லை.

பெருநாள் கழிந்து பரிசளிப்பு. “ஒரு நோன்புகூட விடாதவங்க கையைத் தூக்குங்க” என்றது ஒலிபெருக்கி. திரைக்கு இந்தப் பக்கம் அத்தனை கைகளும் உயர்ந்தன. நான் தூக்கவில்லை. என் தோழி பதறிப்போய் என் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டாள். தூக்காதவள் ஒருத்தி தனியாகத் தெரிந்தால் மற்றவர்கள் மேல் சந்தேகம் வந்துவிடும் என்று அவளுக்குப் பயம். அப்படித்தான் எனக்கும் ஒரு ஹாட்பாக்ஸ் கிடைத்தது.

கல்லூரி சேர்ந்த பிறகு, தோழிகளோடு குரங்கணிக்குப் போனபோது அதை எடுத்துப் போனேன். ஜீப்புப் பாதை ஓரத்தில் தகரக் கூரை, வெளியே வெந்நீர் அண்டா, மலையிலிருந்து காப்பிக் கொட்டையும் ஏலக்காயும் இறக்குகிறவர்களின் கூட்டம். மாமி இளைத்திருந்தார். குரல் இளைக்கவில்லை. ஹாட்பாக்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இதுக்குத்தானா அம்புட்டுப் பொய்யும்? கொண்டா, முட்டை போட்டு வைக்கலாம்.”

நான் அழுதுவிட்டேன். அன்றைக்கே வெளியே வந்து எல்லாவற்றையும் சொல்லியிருப்பேன் என்றேன்.

“எப்படிச் சொல்லுவ? வாய்க்குள்ளதான் சோறு இருந்துச்சே.” சிரித்தார். பிறகு சிரிப்பை விட்டுவிட்டுச் சொன்னார்: “நீ சொன்னா ஒன்ன மட்டும்தான்டி பாத்திருப்பானுக. ஒங்கத்தா தலைகுனிஞ்சிருப்பாரு, ஒன் படிப்ப நிறுத்தியிருப்பாரு. எனக்கென்ன, அடுப்பு எங்க இருந்தாலும் எரியும். இங்க எவனும் திரை போடச் சொல்லல.” அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. “நிக்கிறியே, சாப்டியாடி?” என்றார்.

மாமி மூன்று வருஷத்துக்கு முன்னால் அடிமாலியில், மகள் வீட்டில் மௌத்தானார். எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் இறப்புச் செய்தி வந்தது. அன்று முழுக்க வரிசையாக வந்து விழுந்த புகழ்ச்சியை நான் ஒன்று விடாமல் படித்தேன். ஊருக்கே சோறு போட்ட கை என்று ஒருவர். இப்படி ஒரு மனுஷி இனி வருமா என்று இன்னொருவர். அன்றைக்குத் திரையைத் தூக்க வந்த கடைக்காரர் சொர்க்கத்தில் உயர்ந்த இடம் கேட்டிருந்தார். என் அத்தா கை கூப்பும் படம் ஒன்று போட்டிருந்தார். போனை எறிந்துவிட்டேன். திரை கீறிப்போனது.

இந்த வருஷம் நோன்புக்கு அத்தா வீட்டுக்குப் போயிருந்தேன். பள்ளிவாசல் சுவரில் பதின்ம வயதினர் ரமலான் முகாமுக்கு வண்ணத்தில் ஒரு சுவரொட்டி. பெண்பிள்ளைகளுக்கு விலக்குள்ள நாட்கள் போட்டியில் குறையாகக் கருதப்படாது என்று அடியில் அச்சடித்திருந்தார்கள். புதிய கமிட்டி ரொம்ப முற்போக்கு என்று அண்ணன் பெருமையாகச் சொன்னான். யாருடைய கடையைப் பிடுங்கிய பிறகு வந்த முற்போக்கு என்று கேட்டேன். அவனுக்கு நினைவே இல்லை.

மறுநாள் மதியம் கூடத்தில் அத்தா நாற்காலியில் இருந்தார், அண்ணன் தரையில் படுத்துப் போன் பார்த்துக்கொண்டிருந்தான். அண்ணன் மகள் பள்ளிக்கூடப் பரீட்சை முடிந்து வந்தாள். முகம் வெளுத்து, உதடு வெடித்திருந்தது. பையை வைத்துவிட்டுக் குளியலறைக்குப் போனாள். குழாய் திறக்கும் சத்தமும், பிறகு நீண்ட அமைதியும். வெளியே வந்தபோது தாவணி முனையால் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சுவரொட்டியில் அச்சடித்தது இந்த வீட்டு வாசல்படியை இன்னும் தாண்டவில்லை.

“சாப்டியாடி?” என்றேன்.

கூடம் கேட்கும்படிதான் கேட்டேன். பிள்ளை பயந்துபோய்த் தன் அத்தாவைப் பார்த்தாள், என் அத்தாவைப் பார்த்தாள். என் அண்ணனுக்குப் போனில் திடீரென்று பெரிய வேலை வந்துவிட்டது.

“இல்ல மாமி” என்றாள் மெதுவாக. அத்தாவின் தங்கையை எங்களில் மாமி என்றுதான் கூப்பிடுவோம்.

அப்போது என் அத்தா, ஜன்னலைப் பார்த்தபடி, மிகச் சாதாரணமாகச் சொன்னார்: “முட்டை இருக்கும். அவிச்சுக் குடு.”

நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் தொண்டையைச் செருமினார்.

“அன்னைக்கு அந்த நீலச் செருப்பு… நான் வாங்குனதுதான. தெரியாதா எனக்கு?”

தெரிந்திருக்கிறது. திரைக்குப் பின்னால் நான் இருப்பதும், எதற்காக இருக்கிறேன் என்பதும், மாமி யாரைக் காப்பாற்றக் கரண்டியை நீட்டினார் என்பதும் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டுதான் கூரையைப் பார்த்திருக்கிறார். தெரிந்துகொண்டுதான் சாவியைக் கை நீட்டி வாங்கியிருக்கிறார். ‘முட்டை அவிச்சுக் குடு’ என்று இன்றைக்கு இவ்வளவு லேசாக வருகிற வார்த்தை, அன்றைக்கு அந்த வாசலில் அவர் வாயிலிருந்து வந்திருந்தால் போதும். என் பிள்ளைதான் உள்ளே இருக்கிறாள், சாப்பிடட்டும் என்று சொல்லியிருந்தால் போதும். அவர் வாய்க்குள் சோறுகூட இல்லை.

அடுப்படிக்குப் போய் முட்டையை அவித்தேன். பாத்திரங்களை நான் வைத்த சத்தத்தில் அண்ணி ஓடி வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். சோற்றைத் தட்டில் போட்டு, குழம்பை ஊற்றி, முட்டையை வைத்து, அதைக் கூடத்துக்கு எடுத்து வந்தேன். மின்விசிறிக்கு நேர் கீழே, நடுக்கூடத்தில் வைத்தேன். பிள்ளை தயங்கித் தயங்கி வந்து உட்கார்ந்தாள்.

“உப்புப் பாத்துச் சொல்லு” என்றேன். “நான் நோன்பு.”

அவள் முதல் கவளத்தை எடுத்தாள். அத்தா நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்திரிக்கப் பார்த்தார்.

“உக்காருங்கத்தா” என்றேன். “அவ சாப்ட்டு முடிக்கட்டும்.”

அவர் உட்கார்ந்தார்.